மேலே டியூன் செய்து கீழே ஓட்டாதீர்கள்: பழைய டிராக் காருக்கு ஈசியூ தேர்ந்தெடுப்பது எப்படி

ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் இருந்துகொண்டு டிராக் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. வண்டி நிற்பது மேலே, ஓடுவது கீழே. நமக்குப் பக்கத்து ரேஸ் டிராக் கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே. அதை விட்டால் சென்னைக்கு வெளியே இருங்காட்டுக்கோட்டை. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். கோவை 411 மீட்டர். இருங்காட்டுக்கோட்டை கிட்டத்தட்ட கடல் மட்டமே. ஈசியூ (என்ஜினின் பெட்ரோலையும் தீப்பொறியையும் கட்டுப்படுத்தும் கணினி) டியூனிங் பற்றிக் கிடைக்கும் யோசனைகள் பெரும்பாலும் சமவெளியில் வீடும் சமவெளியில் டிராக்கும் உள்ளவர்களுக்குச் சொல்லப்பட்டவை. அதை அப்படியே கேட்டு இங்கே காசு போட்டால் என்ஜினையே இழக்க நேரிடலாம்.

உங்களிடம் இருப்பது ஒரு பழைய எஸ்டீம், பலேனோ, விடெக் சிட்டி, இக்கான், முதல் தலைமுறை ஸ்விஃப்ட் போன்ற டர்போ இல்லாத பெட்ரோல் கார் என்று வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். டீசலுக்குக் கணக்கே வேறு.

படி 1: காற்றழுத்தத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

நான்கு எண்களை மனதில் வையுங்கள். ஊட்டியில் காற்றழுத்தம் சுமார் 77 கிலோபாஸ்கல். குன்னூரில் 81. கோவையில் 96 முதல் 97. சென்னையில் 101. கொடைக்கானல்காரர்கள் ஊட்டிக் கணக்கையே வைத்துக்கொள்ளலாம், பெரிய வித்தியாசம் இல்லை.

ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்தாலும் டர்போ இல்லாத என்ஜின் வெளியே உள்ள அழுத்தத்தைத் தாண்டி உள்ளே இழுக்காது. ஆகவே ஊட்டியில் என்ன செய்தாலும் இன்டேக் மேனிஃபோல்டில், அதாவது சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுபோகும் குழாயில், அழுத்தம் 77-க்கு மேல் ஏறாது. குளிரால் காற்று கொஞ்சம் அடர்த்தியாக இருப்பது ஓரளவு ஈடுகட்டினாலும், கோவையில் கிடைக்கும் சக்தியில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு இங்கே காணாமல் போகிறது. 'வண்டி இழுக்கவே இல்லை, ரீமேப் போட்டால் சரியாகுமா' என்று கேட்டு வருகிறவர்களில் பலருக்குக் குறை வண்டியில் இல்லை, காற்றில். அந்தக் காற்றை எந்த ஈசியூவும் தயாரித்துத் தராது.

இதைவிட முக்கியமான விஷயம் அடுத்தது. ஈசியூவுக்குள் இருக்கும் மேப் என்பது ஒரு கட்டம் போட்ட அட்டவணை. ஒரு பக்கம் ஆர்பிஎம், இன்னொரு பக்கம் மேனிஃபோல்ட் அழுத்தம். ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு பெட்ரோல், எத்தனை டிகிரியில் தீப்பொறி (இதுதான் டைமிங்) என்று எழுதியிருக்கும். ஊட்டியில் மாதக்கணக்காக உட்கார்ந்து டியூன் செய்தாலும் 77-க்கு மேலே உள்ள வரிசைகளை என்ஜின் தொடவே தொடாது. 80, 90, 100 என்று போகும் அந்த வரிசைகளில் இருப்பதெல்லாம் ஊகம். கோவையில் இறங்கி முதல் நேர்ச்சாலையில் முழுதாக மிதித்தால் என்ஜின் நேராக அந்த ஊக வரிசைகளுக்குள் போய் நிற்கும். அதுவும் 35 டிகிரி வெயிலில். பெட்ரோல் குறைவாகவும் டைமிங் அதிகமாகவும் இருந்தால் நாக்கிங் (கலவை கட்டுப்பாடில்லாமல் வெடித்துத் தட்டுவது) தொடங்கும், சில சுற்றுகளில் பிஸ்டன் போய்விடும்.

ஆகவே எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் டியூன் வேலை கீழேதான் முடியவேண்டும். தேர்வும் அதற்கு ஏற்றபடி இருக்கவேண்டும்.

படி 2: வண்டி தகுதியாக இருக்கிறதா

கம்ப்ரெஷன் டெஸ்ட் எடுங்கள், நான்கு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்டவேண்டும். பெட்ரோல் பம்ப் அழுத்தத்தை கேஜ் வைத்துப் பாருங்கள். பிளக், பிளக் வயர், வேக்குவம் ஹோஸ், எர்த் வயர் எல்லாவற்றையும் பாருங்கள். இன்ஜெக்டர்களை இறக்கி சுத்தம் செய்து, நான்கும் சமமாகப் பீய்ச்சுகிறதா என்று அளக்கச் சொல்லுங்கள். இதில் ஏதாவது குறை இருந்தால் டியூனிங் பேச்சையே எடுக்கவேண்டாம். குறையை மறைக்க மேப்பை வளைத்தால், அந்தக் குறை சரியான அன்று மேப் தப்பாகிவிடும்.

படி 3: உங்களுக்கு டியூன் தேவையா

கேம்ஷாஃப்ட், சிலிண்டர் ஹெட், கம்ப்ரெஷன் எதையும் மாற்றாத 1.3 அல்லது 1.5 லிட்டர் என்ஜினில் ஈசியூவை மட்டும் மாற்றினால் சில குதிரைத்திறன்தான் கூடும். ரெவ் லிமிட்டைச் சற்று ஏற்றலாம், ஆக்சிலேட்டருக்கு என்ஜின் கொஞ்சம் சுறுசுறுப்பாகப் பதில் சொல்லும். அவ்வளவுதான். அந்தப் பணத்துக்கு நல்ல டயர், பிரேக் பேட், அதிக வெப்பம் தாங்கும் பிரேக் ஆயில் வாங்கினால் கரியில் லேப் நேரம் அதைவிட அதிகமாகக் குறையும். புதிதாக வருகிறவர் இந்தப் படியிலேயே நின்றுகொள்வது நல்லது என்பது என் கருத்து. கம்பெனி ஈசியூ மலைக்கும் சமவெளிக்கும் சேர்த்துத்தான் வடிவமைக்கப்பட்டது. மேலே கீழே போய்வரும் வேலையை அது சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கும்.

கேம் மாற்றினீர்கள், கம்ப்ரெஷன் ஏற்றினீர்கள், பெரிய இன்ஜெக்டர் போட்டீர்கள், சிலிண்டருக்கு ஒன்றாகத் தனித்தனி த்ராட்டில் பாடி வைத்தீர்கள், அல்லது பழைய ஈசியூ செத்து மாற்று கிடைக்கவில்லை என்றால் கதை வேறு. அப்போது கீழே உள்ளதைப் படியுங்கள்.

நீங்கள் போட்டியில் ஓடப்போகிறவர் என்றால் அந்த வகுப்பின் எஃப்எம்எஸ்சிஐ (இந்திய மோட்டார் பந்தயங்களை நடத்தும் அமைப்பு) விதிகளை முதலில் பாருங்கள். ஈசியூ மாற்றத்தை அனுமதிக்காத வகுப்பில் ஸ்டாண்டலோன் (கம்பெனி ஈசியூவுக்குப் பதிலாகப் போடும் தனி ஈசியூ) போட்டுப் போனால் பரிசோதனையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதே வண்டியைச் சாலையிலும் ஓட்டுவதாக இருந்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும், புகைச் சான்றும், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் உங்கள் பொறுப்பு. மாற்றம் பெரிதாக இருந்தால் லாரியில் ஏற்றி இறக்குவதே நிம்மதி.

படி 4: எந்த வழி

ஓபிடி போர்ட்டில் (மெக்கானிக் ஸ்கேனர் மாட்டும் இடம்) செருகும் குட்டிப் பெட்டிகளை ஒரே வரியில் ஒதுக்கிவிடலாம்: உள்ளே ஒரு எல்இடி கண் சிமிட்டும், வேறொன்றும் நடக்காது. ஏர் டெம்பரேச்சர் சென்சார் வயரில் ஒரு ரெசிஸ்டரைப் போட்டு 'சிப்' என்று விற்பதும் இதே ரகம். குளிராக இருப்பதாக ஈசியூவை ஏமாற்றிக் கூடுதல் பெட்ரோல் ஊற்றவைக்கும். ஊட்டியில் நிஜமாகவே குளிர்தான், ஏமாற்ற வேண்டிய அவசியம்கூட இல்லை.

அடுத்தது ரீமேப். கம்பெனி ஈசியூவையே வைத்துக்கொண்டு உள்ளே இருக்கும் எண்களை மாற்றுவது. மிகப் பழைய ஈசியூக்களில் மெமரி சிப்பைக் கழற்றி, சாக்கெட் வைத்து, புது சிப் மாட்டுவார்கள். பின்னால் வந்தவற்றில் கேபிள் வழியாகவே எழுதலாம். இதன் பெரிய நன்மை, குளிர்காலக் காலை ஸ்டார்ட், ஐடில், உயரத்துக்கான திருத்தம் எல்லாம் கம்பெனி செய்துவைத்தபடியே இருக்கும் என்பது. ஆனால் உங்கள் ஈசியூவின் ஃபைலைத் திறந்து எது எந்த அட்டவணை என்று தெரிந்த டியூனர் கிடைக்கவேண்டும். இந்தியாவில் மட்டும் விற்ற பழைய மாடல்களுக்கு அது கஷ்டம். அப்படி ஒருவர் கிடைத்தால், சின்ன மாற்றங்கள் செய்த வண்டிக்கு இதுவே சிறந்த வழி. அவரிடம் கேட்கவேண்டியது ஒன்றுதான்: 'என் வண்டியை டைனோவில் (சக்கரத்தை உருளையில் ஓடவிட்டு என்ஜின் சக்தியை அளக்கும் கருவி) ஏற்றி எழுதுவீர்களா, இல்லை ரெடிமேட் ஃபைலா?' ரெடிமேட் என்றால் வேண்டாம். பழைய என்ஜின்கள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது.

பிக்கிபேக் என்பது சென்சாருக்கும் ஈசியூவுக்கும் நடுவே உட்கார்ந்து சிக்னலைத் திருத்துவது. பெங்களூரு ரேஸ் டைனமிக்ஸின் பவர்ட்ரானிக் போல நம் ஊர் மாடல்களுக்கென்றே செய்தவையும் உண்டு. வயரிங் வேலை குறைவு, கழற்றினால் வண்டி பழையபடி ஆகிவிடும். இதில் இரண்டு வகை இருப்பதைப் புதியவர்கள் கவனிப்பதில்லை. ஒன்று, இன்ஜெக்டரையும் இக்னிஷனையும் நேரடியாகக் கூட்டிக் குறைப்பது. இன்னொன்று, மேப் சென்சாரின் (மேனிஃபோல்ட் அழுத்தத்தை அளப்பது, மேப் அட்டவணையோடு குழப்பவேண்டாம்) சிக்னலை மட்டும் மாற்றுவது. இரண்டாவது வகையில் ஒரு பொறி இருக்கிறது. பெட்ரோலைக் குறைக்க அழுத்தத்தைக் குறைத்துக் காட்டினால், லோடு (என்ஜின் மேல் உள்ள சுமை) குறைந்துவிட்டது என்று நினைத்து ஈசியூ டைமிங்கை முன்னே தள்ளும். பெட்ரோல் குறைவு, டைமிங் அதிகம், இரண்டும் ஒரே நேரத்தில். ஊட்டியில் இது தெரியாது, ஏனென்றால் 77 கிலோபாஸ்கலில் என்ஜின் நாக்கிங் அடிப்பது அபூர்வம். கீழே போனால்தான் தெரியும். பிக்கிபேக் வாங்கினால் டைமிங்கைத் தனியாகத் திருத்தும் வகையாகப் பார்த்து வாங்குங்கள்.

கடைசியில் ஸ்டாண்டலோன். கம்பெனி ஈசியூவைக் கழற்றிவிட்டு எல்லாவற்றையும் புதிய ஈசியூவிடம் ஒப்படைப்பது. ஹால்டெக், லிங்க், ஈசியூமாஸ்டர் போன்றவை நல்லவை. ஆனால் சுங்கத் தீர்வையோடு சேர்ந்து விலை பெரும்பாலும் லட்சத்தைத் தாண்டும், சில சமயம் வண்டியின் விலையையே தாண்டும். கைக்கு அடக்கமானவை மெகாஸ்குவர்ட், ஸ்பீடுயினோ, ரஸ்இஎஃப்ஐ. ஸ்பீடுயினோ ஆர்டுயினோ மெகா 2560 போர்டின் மேல் கட்டப்பட்டது, திறந்த மூலம். மூன்றையும் டியூனர்ஸ்டூடியோ என்ற ஒரே மென்பொருளில் டியூன் செய்யலாம். காசு கட்டி வாங்கும் பதிப்பில், வைட்பேண்ட் சென்சார் (புகையில் உள்ள ஆக்சிஜனை அளந்து கலவை விகிதத்தைச் சொல்வது) சொல்வதைக் கேட்டு ஃபியூயல் அட்டவணையைத் தானாகத் திருத்தும் வசதியும் உண்டு.

ஸ்டாண்டலோன் வாங்கினால் சுதந்திரம் வரும், கூடவே வேலையும் வரும். கோல்ட் ஸ்டார்ட், ஐடில், ரேடியேட்டர் ஃபேன், டாகோமீட்டர் எல்லாவற்றுக்கும் இனி நீங்கள்தான் அமைப்புக் கொடுக்கவேண்டும். கோவையில் நீங்கள் தேர்ந்தெடுத்த டியூனருக்கு எந்த ஈசியூ பழக்கமோ அதையே வாங்குவது புத்திசாலித்தனம். முதலில் டியூனர், பிறகுதான் ஈசியூ. இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு ஆள் தேடுகிறவர்கள்தான் அதிகம். எல்ஜிபி ஃபார்முலா 4 என்ற பந்தய வகுப்பின் கார்களில் ஓடுவது மாருதியின் 1.3 லிட்டர் என்ஜின் என்பதால், கோவைப் பக்கம் அந்த என்ஜினை நன்கு அறிந்த கைகள் இருக்கின்றன. இன்னும் வண்டியே வாங்காதவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

படி 5: ஸ்டாண்டலோன் என்றால் இவற்றைத் தீர்மானியுங்கள்

ஈசியூ லோடை எப்படி அளக்கப்போகிறது என்பது முதல் கேள்வி. மேனிஃபோல்ட் அழுத்தத்தை வைத்து அளக்கும் முறைக்கு ஸ்பீட் டென்சிட்டி என்று பெயர். மலைக்காரர்களுக்கு இதுதான் ஏற்றது. வெளிக்காற்று மாறும்போது மேனிஃபோல்ட் அழுத்தமும் கூடவே மாறுவதால் திருத்தத்தின் பெரும்பகுதி தானாக நடந்துவிடும். த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை மட்டும் பார்த்து அளப்பது ஆல்ஃபா-என். தனித்தனி த்ராட்டில் பாடியும் முரட்டுக் கேமும் உள்ள வண்டிகளில் மேனிஃபோல்ட் அழுத்தம் நிலையாக இருக்காது என்பதால் இதைப் போடுவார்கள். இதில் ஊட்டியில் பாதி மிதிப்பதும் கோவையில் பாதி மிதிப்பதும் ஈசியூவுக்கு ஒன்றே. வெளிக்காற்றழுத்தத்தைத் தனியாக அளந்து திருத்தினால் ஒழிய, மேலே டியூன் செய்தது கீழே சுமார் 20 சதவீதம் பெட்ரோல் பற்றாக்குறையில் ஓடும்.

அந்தத் திருத்தத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. விலை குறைந்த ஈசியூக்களில் பல, சாவியைத் திருப்பும் கணத்தில் மேப் சென்சார் காட்டும் அழுத்தத்தை வெளிக்காற்றழுத்தமாக எடுத்துக்கொள்ளும், பிறகு என்ஜினை நிறுத்தும்வரை அதையே பிடித்துக்கொண்டிருக்கும். ஊட்டியில் ஸ்டார்ட் செய்து நிறுத்தாமல் மேட்டுப்பாளையம் இறங்கினால், ஈசியூவைப் பொறுத்தவரை நீங்கள் இன்னும் சேரிங் கிராஸில்தான் இருக்கிறீர்கள். பர்லியாறில் டீ குடிக்க நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்தால் அங்குள்ள அழுத்தத்தைப் பிடிக்கும், அதுவும் அரைக் கிணறு தாண்டிய கதைதான். ஆகவே வெளிக்காற்றுக்கென்று இரண்டாவது சென்சார் உள்ள ஈசியூவை வாங்குங்கள், அல்லது அந்தச் சென்சாரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆல்ஃபா-என் வைக்கிறவர்கள் இதைத் தவிர்க்கவே முடியாது.

சென்சார் சரியாக அளவிடப்பட்டிருக்கிறதா என்று பார்க்க நமக்கு ஒரு இலவசச் சோதனை இருக்கிறது. என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போட்டு லேப்டாப்பில் மேப் சென்சார் காட்டும் அளவைப் பாருங்கள். ஊட்டியில் 77-ஐ ஒட்டிக் காட்டவேண்டும், கோவையில் 96-ஐ ஒட்டி. ஊட்டியில் 100 காட்டினால் சென்சார் அமைப்பு தப்பு. சமவெளிக்காரர்களுக்கு இந்த இரண்டு புள்ளிச் சோதனை அவ்வளவு எளிதில் கிடைக்காது.

அடுத்து டிரிகர், அதாவது என்ஜின் எந்தக் கோணத்தில் சுற்றுகிறது என்று ஈசியூவுக்குச் சொல்லும் சென்சார். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் சென்சாரா, கிராங்க் புல்லியில் பல் சக்கரமா, விஆர் (காந்தச் சுருள்) வகையா ஹால் (மின்னணு) வகையா என்பதை வாங்குமுன் தெரிந்துகொள்ளுங்கள். விஆர் சென்சாரின் இரண்டு வயரை மாற்றிப் போட்டால் ஆர்பிஎம் ஏற ஏற டைமிங் நகரும். டைமிங்கை ஈசியூவில் 10 டிகிரியில் பூட்டிவைத்து, டைமிங் லைட்டை அடித்துப் பார்த்து, புல்லியிலும் அதே 10 நிற்கிறதா என்று ஐடிலிலும் 4,000 ஆர்பிஎம்மிலும் சரிபார்க்காமல் ஒரு மீட்டர்கூட ஓட்டாதீர்கள்.

இன்ஜெக்டரை மல்டிமீட்டரில் அளந்தால் 12 முதல் 16 ஓம் காட்டினால் நேரடியாக இணைக்கலாம். 2, 3 ஓம் என்றால் ரெசிஸ்டரோ அதற்கான டிரைவரோ வேண்டும், இல்லாவிட்டால் ஈசியூ கருகும்.

வயரிங்கில் நம் மலைக்கென்று ஒன்று: ஈரம். பருவமழைக் காலத்தில் குன்னூர் மூடுபனிக்குள் நிற்கும் வண்டியில் கனெக்டர் பச்சை பூத்துவிடும். ஈசியூவைக் கேபினுக்குள், டேஷ்போர்டுக்குக் கீழே தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். ரப்பர் சீல் உள்ள கனெக்டர்களையே போடுங்கள். திறந்த போர்டாக வரும் மலிவு ஈசியூ என்றால் மேலே பாதுகாப்புப் பூச்சு அடித்து மூடிய டப்பாவில் வைக்கவேண்டும்.

படி 6: பெட்ரோல்

2023-இல் தொடங்கி இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோல் படிப்படியாக எல்லாப் பெட்ரோல் பங்க்குகளுக்கும் வந்துவிட்டது. முழுதாக எரிய வேண்டிய காற்று-பெட்ரோல் எடை விகிதம், அதாவது சரிசம விகிதம், எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு 14.7 என்றால் இ20-க்குச் சுமார் 13.5. அதாவது அதே காற்றுக்கு ஏறத்தாழ 9 சதவீதம் கூடுதல் பெட்ரோல் வேண்டும். பழைய ஈசியூ மெதுவாக ஓட்டும்போது ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்து இதைச் சரிக்கட்டிக்கொள்ளும். முழுதாக மிதிக்கும்போது அதைப் பார்க்காது. பழைய மேப் வைத்த டிராக் கார்கள் இப்போது சற்றுப் பட்டினியில் ஓடுவது இதனால்தான். வைட்பேண்ட் மீட்டரை லாம்டா அளவில் (சரிசம விகிதம் 1, அதற்குக் கீழே பெட்ரோல் அதிகம்) வைத்துக்கொண்டால் எந்தப் பெட்ரோலானாலும் ஒரே எண்ணைப் பார்த்து டியூன் செய்யலாம். முழு மிதிப்பில் 0.86, 0.88 என்பது டர்போ இல்லாத என்ஜினுக்குப் பாதுகாப்பான இலக்கு. பழைய ரப்பர் ஹோஸ்களையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிவிடுங்கள். டைனோவுக்கு எந்தப் பெட்ரோலில் போனீர்களோ, டிராக்குக்கும் அதே பெட்ரோல்.

படி 7: மேலே செய்யும் வேலை, கீழே செய்யும் வேலை

ஸ்டாண்டலோன் போட்டவர் ஊட்டியிலேயே முடிக்கக்கூடிய வேலைகள் நிறைய. சென்சார் அளவீடு, டைமிங் லைட் சோதனை, ஐடில், லேசான லோடு வரிசைகள். முக்கியமாகக் கோல்ட் ஸ்டார்ட். டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலையில் ஒரே தட்டில் எழும்பும் என்ஜின் கீழே எங்கேயும் மக்கர் செய்யாது. கோவை டியூனருக்கு இந்தக் குளிர் கிடைக்காது, அதனால் இதை அவர் தலையில் கட்டாதீர்கள். ஒன்றே ஒன்று, இந்தச் சோதனைகளைக் கல்லட்டியிலோ குன்னூர் மலைப்பாதையிலோ லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு செய்யவேண்டாம். கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ் வரும்.

77-க்கு மேலே உள்ள வரிசைகளைக் காலியாகவோ வேறொருவர் கொடுத்த எண்களாகவோ விடாதீர்கள். 75 வரிசையில் கிடைத்த ஃபியூயல் எண்களை அப்படியே மேல் வரிசைகளுக்கு நகலெடுத்து ஐந்தாறு சதவீதம் கூட்டுங்கள். டைமிங்கில் ஐந்தாறு டிகிரி குறையுங்கள். இது ஓட்டுவதற்கான மேப் இல்லை, டைனோவரை வண்டியைப் பத்திரமாகக் கொண்டுசேர்ப்பதற்கு.

கோவை டைனோவில் முதலில் பெட்ரோல், பிறகு டைமிங். ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு டிகிரி முன்னே தள்ளி, டார்க் (என்ஜினின் முறுக்கு விசை) கூடுவது எங்கே நிற்கிறதோ அங்கே நிறுத்தி, டிராக் சூட்டுக்காக ஒன்றிரண்டு டிகிரி பின்னே இழுக்கச் சொல்லுங்கள். பழைய என்ஜின்களில் பலவற்றில் நாக் சென்சார் கிடையாது. ஒரு செம்புக் குழாயின் நுனியைத் தட்டையாக்கி என்ஜின் பிளாக்கில் போல்ட் போட்டு, மறுமுனையில் ரப்பர் குழாய் மாட்டி, காதுக்கவசத்துக்குள் விட்டுக் கேட்டால் நாக்கிங் தெளிவாகக் கேட்கும். நல்ல டியூனர்கள் இன்னும் இதைச் செய்கிறார்கள். டைனோ காகிதத்தில், வெப்பத்துக்கும் காற்றழுத்தத்துக்கும் தக்கபடி திருத்தப்பட்ட எண்ணோடு திருத்தாத எண்ணையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

எவ்வளவு நல்ல ஈசியூவானாலும் டைனோவிலிருந்து கிளம்புமுன் இன்டேக் காற்றுச் சூட்டுக்குத் தக்கபடி டைமிங்கைக் குறைக்கும் அட்டவணை நிரப்பப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மலையில் அது வேலைக்கே வந்திருக்காது, வெறும் பூஜ்யமாக இருக்கும். இருங்காட்டுக்கோட்டையில் ஓடப்போவதாக இருந்தால் 100 வரிசையையும் கேட்டு வாங்குங்கள். கோவையில் அந்த வரிசை முழுதாகத் தொடப்படாது. அங்கே முதல் செஷனை 96-இல் கிடைத்த டைமிங்கிலிருந்து ஒரு டிகிரி குறைத்து ஓட்டி, ஈசியூ பதிவுசெய்த லாக் ஃபைலில் லாம்டாவைப் பார்த்துவிட்டு அப்புறம் ஏற்றிக்கொள்ளலாம்.

டிராக்கில் முதல் செஷன் முடிந்ததும் பிட்டில் நான்கு பிளக்கையும் கழற்றிப் பாருங்கள். பீங்கானில் பொடிப்பொடியாகக் கரும்புள்ளியோ அலுமினிய மினுமினுப்போ தெரிந்தால் அன்றைக்கு ஓட்டம் போதும். டியூனரிடம் லாக் ஃபைலைக் காட்டுங்கள். மேப்பின் பிரதி ஒன்று உங்களிடம் எப்போதும் இருக்கட்டும். காசு கொடுத்து எழுதிய மேப்பைப் பூட்டிவைத்துத் தர மறுக்கும் பட்டறைகளும் உண்டு என்பதால் இதை முன்பணம் கொடுக்கும்போதே பேசி முடித்துவிடுங்கள்.